பத்திரம் கேட்டா எழுத்துல கேளுங்க!

ஊர்ல மாவு மில்லு வைக்க வட்டிக்காரர் வாசல்ல ஏன் நிக்கணும்? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கு. புதுத் தொழிலுக்குத்தான். அதே மில்லை டவுன்ல போட்டா பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 15 சதவீதம். கிராமத்துல போட்டா 25. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோருக்கு 35! இவங்க கைமுதல் 5 சதவீதம் போட்டா போதும். மானியம் கைக்கு வராது. 3 வருஷம் வங்கியிலேயே இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. இதை எவனும் சொல்றதில்ல!

ஏற்கெனவே கடை நடத்துறவங்களுக்கு முத்ரா கடன். சிறு தொழில் கடனுக்கு குறிப்பிட்ட வரம்பு வரை சொத்து ஜாமீன் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. மேனேஜர் பத்திரம் கேட்டா, "எழுத்துல கொடுங்க சார்"னு சொல்லுங்க. தனியா போகத் தயக்கமா? நம்ம ஒன்றியத் தோழர்களைக் கூப்பிடுங்க, கூட வருவாங்க.