கொரோனாவில் விட்டுப்போன எழுத்து

(பதுளைப் பகுதித் தோட்டத் தலைவர்கள் கூட்டத்தில் 2024இல் ஆற்றிய உரை)



கொரோனாவை நாம் மறந்துவிட்டோம். அதற்குப் பின்னால் வந்த விலைவாசி மறக்கடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நிற்கும் எங்களால்தான் மறக்க முடியவில்லை.

2020 மார்ச் 13இல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. பதுளை டவுனில் கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. தோட்டத்தில் மட்டும் பிரட்டு இருந்தது. தேயிலை நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறது என்று அனுமதி கொடுத்தார்கள். நம்ம ஆட்கள் மலைக்குப் போனார்கள். போகாவிட்டால் பேர் இல்லையே. அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது, அதுவும் 900உம் 100உமாக. வந்ததும் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிய கதையை இன்னொரு நாளைக்குப் பேசுவோம்.

ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எங்கே தள்ளி நிற்பது? கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் பையன்கள் சம்பளமில்லாமல் திரும்பிவந்து அதே காம்பராவில்தான் படுத்தார்கள். கையைக் கழுவுங்கள் என்றார்கள். பீலியில் குடத்துக்கு வரிசை நின்றது.

பிள்ளைகளுக்கு ஃபோனில் பாடம் என்றார்கள். வீட்டிலிருந்த ஒரே ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போனது. ஃபோன் இருந்தால் டேட்டா இல்லை, டேட்டா போட்டால் சிக்னல் இல்லை. லுணுகலைப் பக்கம் பொகிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறியதை 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் படமெடுத்துப் போட்டது. அது சிங்களக் கிராமம். ஊவாவில் இந்தக் கஷ்டத்துக்குச் சாதி மொழி கிடையாது.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்காக இணைய வகுப்பை நிறுத்திப் போராடினோம். கோரிக்கை நியாயமானது. ஆனால் லயத்துப் பிள்ளைக்கு நாங்கள் நிறுத்தியதே தெரியாது. அதற்கு முன்னாலும் வகுப்பு இருக்கவில்லையே.

2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள் ‘அ’னா ‘ஆ’வன்னா பிடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளி மூடியது. நடுவில் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஆனாலும் வருடம் பிறக்கப் பிறக்க அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டோம். அவர்கள்தான் இந்த வருடம் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில் பரீட்சை. கரும்பலகையைப் பார்த்து அச்சுப்போல எழுதுகிறார்கள். கரும்பலகையை அழித்துவிட்டு, எழுதியதை வாசி என்றால், சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கொப்பியைப் பார்க்கிற தாய்க்கு இது தெரியாது. கொப்பி அழகாக இருக்கிறது.

நம்மைப்போலத் தேயிலை பறிக்கிற கென்யாவிலும் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அங்கே 2021 ஜனவரியில் பெரும்பாலான பிள்ளைகளை விட்ட வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள். அது சரியா என்று அங்கேயும் சண்டை நடந்தது. இங்கே அப்படியொரு கேள்வியே எழவில்லை.

இன்னொரு கூட்டம் திரும்பி வரவேயில்லை. பதினான்கு பதினைந்து வயதில் கொழும்புக்குப் போனவர்கள். பள்ளி இடாப்பில் பெயரை வெட்டியாகிவிட்டது. எந்த லயத்துப் பிள்ளை, எந்தக் கடையில் நிற்கிறது என்று தலைவர்மாருக்குத்தான் தெரியும்.

ஆகவே இரண்டு வேலை. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் 2020க்குப் பின் பள்ளியை விட்ட பிள்ளைகளின் பட்டியலை அடுத்த மாதச் சந்தாவோடு கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை வகுப்பு வைக்கிறோம், காசு வேண்டாம். மாதர் சங்கத் தலைவிமார் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் போதும். மழைக்கு ஒழுகாத ஒரு இடம் வேண்டும். கோயில் மண்டபமா, பிள்ளைக்காம்பராவா என்று இன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.