முதுகில் வைக்கும் கோப்பையும் தீராத இடுப்பு வலியும்

(தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இடுப்பு வலியாகும். குறிப்பாக, மலாய் மொழியில் பெக்காம் என்று வழங்கப்பெறும் கோப்பை வைக்கும் முறையால் நாட்பட்ட இடுப்பு வலி தீருமா என்னும் கேள்வியை உங்கள்முன் வைத்து ஆராய விரும்புகின்றேன். தோட்டங்களுக்குச் செல்லும் போதெல்லாம் இக்கேள்வியை என்னிடம் பலர் கேட்கின்றனர். "ஐயா, கோப்பை வைத்தால் வலி போய்விடும் என்கிறார்களே, வைக்கலாமா?" என்பார் ஒருவர். "வைத்தேன், நான்கு நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் வந்துவிட்டது" என்பார் மற்றொருவர். இவ்விருவர் கூற்றிலும் உண்மை இருக்கின்றது. அந்த உண்மையின் அளவு எவ்வளவு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னதென்று முதலில் தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. நாமும் அந்த வரிசையிலேயே செல்வோம்.

பொழுது புலரும் முன்பே பெரட்டுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான மரங்களின்முன் குனிந்தும் நிமிர்ந்தும் உளி பிடிப்பவர்கள் நீங்கள். வெட்டு தரையை நோக்கி இறங்கிவிட்ட மரத்தில் உடலை வளைத்தவாறே வெட்டுகின்றீர்கள். பின்னர் பாலைச் சேர்த்துச் சுமக்கின்றீர்கள். இருபது லிட்டர் வாளிகள் இரண்டு நிரம்பினால் அவற்றின் எடை ஏறத்தாழ 40 கிலோ ஆகும். மேடு பள்ளமான நிரைகளில் அந்தச் சுமையோடு நடக்கும்போது இடுப்பின் தசைகளும், தசைநார்களும், முதுகெலும்பின் மூட்டுகளும், எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளும் ஓயாமல் உழைக்கின்றன.

ஆயினும் இந்த வலி தோட்டத்து மக்களுக்கு மட்டுமே உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கின்றது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டக்கூடிய தனிக் காரணம் எதுவும் தென்படுவதில்லை. இத்தகைய வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்குமானால் அதனை நாட்பட்ட வலி என்கின்றோம்.

இனி, கோப்பை வைக்கும் முறைக்கு வருவோம். இது மிகத் தொன்மையான வழக்கம். சுசுருத சம்ஹிதை கொம்பாலும், சுரைக்குடுக்கையாலும், அட்டையாலும் இரத்தத்தை வாங்கும் முறைகளை விவரிக்கின்றது. நம் சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு வகைப் புறமருந்துகளில் அட்டைவிடலும் குருதிவாங்கலும் இடம்பெற்றுள்ளன. சீனரிடமும் அரபியரிடமும் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2016ஆம் ஆண்டில் ரியோ ஒலிம்பிக் போட்டியில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் வட்ட வட்டமான தழும்புகளோடு தோன்றியபோது உலகமே இம்முறையைப் பற்றிப் பேசியது. ஆகவே, இதனைப் பழித்துப் பேச நான் வரவில்லை. ஆனால் பழமையானது என்பதனாலேயே ஒன்று எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

கோப்பை எவ்வாறு வேலை செய்கின்றது? பள்ளியில் ஆசிரியர் செய்துகாட்டும் ஒரு சோதனையை நினைவுகூருங்கள். தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சுடர் அணைந்தவுடன் தட்டிலுள்ள நீர் குவளைக்குள் ஏறும். சூட்டினால் விரிந்த காற்று, ஆறும்போது சுருங்குகின்றது. உள்ளே காற்றின் அழுத்தம் குறைய, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகின்றது. முதுகின்மேல் வைக்கும் கோப்பையிலும் நிகழ்வது இதுவே. அங்கே நீருக்குப் பதிலாகத் தோலும் சதையும் மேலெழும்புகின்றன. இக்காலத்தில் நெருப்புக்கு மாற்றாகக் கைப்பம்பினாலும் காற்றை உறிஞ்சி எடுக்கின்றனர். அவ்வாறு இழுக்கும்போது தோலடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசிவதால்தான் கருஞ்சிவப்பு வட்டம் தோன்றுகின்றது. அது ஓர் இரத்தக்கட்டு. சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் தானாகவே மறைந்துவிடும்.

இதில் இரண்டு வகைகள் உண்டு. வெறுமனே உறிஞ்சுவது உலர்முறை. தோலைக் கீறிவிட்டு உறிஞ்சி இரத்தம் எடுப்பது ஈரமுறை. இவ்வாறு எடுத்த இரத்தம் கறுத்து, கட்டியாக உறைந்திருப்பதைக் காட்டி, "பார்த்தீர்களா, உடலிலிருந்த நச்சு இரத்தம் வெளியேறிவிட்டது" என்று கூறுவோர் உளர். அன்பர்களே, உடலை விட்டு வெளியே வந்த எந்த இரத்தமும் சிறிது நேரத்தில் உறையும். வெட்டிய மரத்தின் பால் மங்கிலேயே கிடந்தால் கட்டியாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். கட்டியாயிற்று என்பதனால் அதனைக் கெட்ட பால் என்று கூறுவோமா? உடலின் கழிவுகளை நீக்கும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துவருகின்றன. அப்பணியைக் கோப்பை செய்வதில்லை.

அப்படியானால் கோப்பை வைத்தவருக்கு வலி தணிவது பொய்யா? பொய்யன்று. நாட்பட்ட இடுப்பு வலி உடையோரிடம் செய்யப்பட்ட பல ஆய்வுகளில், கோப்பை வைத்தபின் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ வலி குறைந்தமை காணப்பட்டது. இறுகிய தசை சற்றுத் தளர்வதும், தோலில் எழும் உணர்ச்சி வலியுணர்வை மழுக்குவதும், ஒருவர் பரிவோடு கைவைத்துக் கவனிப்பதும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை சிலரை மட்டும் கொண்டு, குறுகிய காலத்திற்குச் செய்யப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் வலி தீர்ந்தது என்று அவை நிறுவவில்லை. எனவே கோப்பை தருவது ஓய்வு, குணம் அன்று.

அந்த ஓய்வு நாட்களை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே முக்கியமாகும். வலி தணிந்துவிட்டது என்று மறுநாளே இரு வாளிகளையும் விளிம்புவரை நிரப்பித் தூக்கினால், வலி திரும்பி வரும். மீண்டும் கோப்பை, மீண்டும் செலவு. அதற்கு மாறாக, வலி தணிந்த நாட்களில் இடுப்பைப் பலப்படுத்த வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நூல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய நல்லறிவையும் பரிந்துரைக்கின்றது. இடுப்பில் கட்டும் பட்டையை வழக்கமாக அணியவேண்டாம் என்றும் அது கூறுகின்றது.

பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒரு காலை மார்பை நோக்கி மெல்ல இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து, பின் மறுகாலையும் அவ்வாறே செய்க. அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குக. நாள்தோறும் மாலையில் சிறிது தூரம் நடந்து வருக. வலி வந்தவுடன் பாயில் படுத்துவிடுவது நன்றன்று. நாட்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தால் தசைகள் மேலும் பலம் குன்றும். வேலையிலும் சில வழக்கங்களை மாற்றுக. தாழ்ந்த வெட்டில் இடுப்பை வளைப்பதற்குப் பதிலாக முழங்காலை மடக்குக. வாளியை உடலோடு ஒட்டித் தூக்குக. சுமையுடன் திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புக. நிரம்பிய வாளியை ஒருமுறை சுமப்பதைவிட, பாதி வாளியை இருமுறை சுமப்பது இடுப்புக்கு இலேசு.

கோப்பை வைத்துக்கொள்ள விரும்புவோர் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தசோகை உடையோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும், அவ்விடத்தில் புண்ணோ படையோ உள்ளோரும் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குச் சூடு பட்டாலும் உணர்வு தெரியாமற் போகலாம், புண்ணும் எளிதில் ஆறாது. ஆகவே அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளலாகாது. ஈரமுறையில் ஆபத்து இன்னும் மிகுதி. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடையோ கோப்பையையோ மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் தொற்றக்கூடும். ஹெப்பாடைடிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடிருக்க வல்லது. சோப்பு நீரில் அலசிவிட்டோம் என்பது போதாது. உங்கள் கண்முன்னே புதிய உறையைப் பிரித்துப் பிளேடை எடுக்கின்றாரா, கையுறை அணிகின்றாரா என்று பாருங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், இத்தொழில் புரிவோர் முறையாகப் பதிவு செய்துகொள்ள வழி வகுத்துள்ளது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுவது உங்கள் உரிமை. வீட்டிலே கோப்பையும் பிளேடும் வாங்கி வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கீறிக்கொள்வதை அறவே விட்டுவிடுங்கள்.

இனி நான் கூறப்போவதைத் தாய்மார்கள் குறிப்பாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் வீட்டில் உள்ளவர் நோயை மறைத்தாலும் நீங்கள் கண்டுகொள்வீர்கள். எல்லா இடுப்பு வலியும் தசை வலி அன்று. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, அல்லது சிறுநீர் அடைபட்டுப் போவது, தொடைகளுக்கிடையே மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவை தோன்றினால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். நரம்பின் நெருக்கத்தை உடனே நீக்காவிட்டால் ஊனம் நிலைத்துவிடும். காய்ச்சல், இரவில் வியர்த்தல், காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரைக் காண்க. முதுகெலும்பைக் காசநோய் பற்றுவதும் உண்டு. விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். இத்தகைய நோய்களின்மேல் கோப்பை வைத்தால், வலி சற்று மறையும். நோயோ உள்ளே வளரும். கோப்பையால் வரும் பெருந்தீங்கு தழும்பன்று, இந்தத் தாமதமே ஆகும்.

மற்றொன்று. வேலையில் வழுக்கி விழுந்தோ, சுமை தூக்கும்போது பிடித்துக்கொண்டோ இடுப்பு வலி ஏற்பட்டால், வீட்டுக்குச் சென்று கோப்பை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். அன்றே கங்காணியாரிடமோ கிராணியாரிடமோ தெரிவித்து, மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். விபத்தை 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் இப்பாதுகாப்பு உண்டு. அன்று மறைத்த காயத்தை ஆறு மாதங்கள் கழித்து மெய்ப்பிப்பது எளிதன்று. உங்களுக்குரிய உதவித்தொகை உங்கள் பிள்ளைகளின் சோறும் படிப்பும் ஆகும் என்பதை மறவாதீர்கள்.

தோழர்களே, கோப்பை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்குமுன் ஒருமுறை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, அந்த வலி எத்தகையது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண வலிதான் என்று மருத்துவர் கூறுவாராயின், தூய்மையான முறையில் கோப்பை வைத்துக்கொண்டு, கிடைக்கும் சுகமான நாட்களில் பயிற்சியைத் தொடங்குங்கள். குடும்பத்தைத் தாங்கும் முதுகு நலமாயிருக்க வேண்டும் என்று வாழ்த்துகின்றேன்.