பித்தப்பையை எடுத்தாலும் அட்டையைப் பத்திரப்படுத்துவோம்



பித்தப்பையில் கல் என்று ஒப்பரேசன் செய்துகொண்டவர்கள் நமது லயங்களிலும் இருக்கிறோம். "பையையே எடுத்தாச்சு, இனி என்ன பயம்" என்கிறோம். அது பெரும்பாலும் சரிதான். ஆனாலும் ஒன்றை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பையை வெட்டி எடுக்கும்போது அதன் குழாயையும் இரத்தக் குழாயையும் சிறு கிளிப் போட்டு மூடுவார்கள். அநேகமாக அது டைட்டேனியம் உலோகம். அது உள்ளேயே இருக்கும், கெடுதல் செய்யாது. மிக அரிதாக ஒரு கிளிப் நகர்ந்து பித்தக் குழாய்க்குள் போய்விடும். அதைச் சுற்றிக் கல் படியும், குழாய் அடைபடும். ஒப்பரேசன் முடிந்து இரண்டு வருடத்திலும் வரலாம், 10, 20 வருடம் கழித்தும் வந்திருக்கிறது.

வலது விலாவின் கீழே வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கடும் நிறம். இவை கண்டால் "கேஸ்ட்ரிக்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்கு ஏறக்கூடாது. ஒருநாள் பேர் போனால் போகட்டும். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிரே போகும்.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். கேட்காவிட்டாலும், "எனக்குப் பித்தப்பை எடுத்திருக்கிறது" என்று சொல்வோம், அட்டையைக் காட்டுவோம். பெரும்பாலும் வயிற்றை மறுபடி வெட்டாமல், வாய் வழியாகக் குழாய் விட்டே கல்லையும் கிளிப்பையும் எடுத்துவிடுவார்கள்.

தலைவர்மாரே, மாதர் சங்கத்தாரே, இப்படி ஒருவர் படுத்தால் இராத்திரியானாலும் தோட்டத்தில் வாகனம் கேட்டு வாங்குவது நமது வேலை.