செவிலியர் கற்பித்த பாடம்

(செவிலியருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1930-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர், புனித கமில்லுஸைச் செவிலியரின் பாதுகாவலராக ஏற்படுத்தினார். இத்தாலியரான இவர் இளமையில் போர்வீரர். சூதாட்டத்தில் உள்ளதையெல்லாம் தோற்றவர். காலில் கண்ட ஆறாத புண் அவரை ரோமாபுரியின் புனித யாக்கோபு மருத்துவமனையில் கொண்டு சேர்த்தது. அங்கே நோயாளியாகப் படுத்தவரே பிற்பாடு நோயாளிகளின் ஊழியரானார். 1614-இல் இறக்கும்வரை அந்தப் புண் அவரை விடவில்லை. தம் வேதனையைக் கொண்டே பிறர் வேதனையை அறிந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், முதியவர் ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்க மருத்துவமனைக்குச் சென்றோம். "உங்கள் துன்பத்தை ஆண்டவருடைய சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள்" என்றோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்றெண்ணி மேலும் புத்தி சொன்னோம். அப்போது அங்கிருந்த செவிலியர் மெல்ல வந்து, "சாமி, ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே இருக்கீங்களா? ஐயாவுக்குப் படுக்கை நனைஞ்சிருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறார்" என்றார்.

அவர் போர்வையை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்ததை நாமும் பார்த்தோம். அதன் பொருள் அந்தச் சகோதரிக்குத்தான் விளங்கியது.

தாழ்வாரத்தில் காத்து நின்றோம். விரிப்பை மாற்றி, வேறு வேட்டி கட்டிவிட்டு, தலையும் வாரிவிட்டு நம்மை அழைத்தார். பெரியவர் தாமாகவே கை நீட்டினார். பாவசங்கீர்த்தனம் செய்து, பூசுதலும் பெற்றார்.

இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் செவிலியராயிருந்து பின் மருத்துவரானவர். மரணத்தறுவாயில் உள்ளோருக்காக 1967-இல் ஓர் இல்லம் திறந்தார். நோயாளியின் வலி உடலோடு நிற்பதில்லை, மனத்திலும் உறவிலும் ஆன்மாவிலும் உண்டு என்று கற்பித்தார். நம் பெரியவரின் வலி அன்று வெட்கமாயிருந்தது. அதற்கு ஊசியும் மருந்தன்று, நம் பிரசங்கமும் மருந்தன்று.

நல்ல சமாரியர் உவமையில், காயப்பட்டவனைக் கண்டும் விலகிப் போனவருள் ஒருவர் குரு. அன்று தாழ்வாரத்தில் அது நம் நினைவுக்கு வந்தது.

ஆகவே, பங்கு மக்களே, நோயாளியைச் சந்திக்கப் போகும்போது புத்திமதியோடு போகாதீர்கள். அருகில் உட்காருங்கள், அவர் கைகளைக் கவனியுங்கள், என்ன வேண்டுமென்று கேளுங்கள். இரவெல்லாம் கண்விழித்து வீடு திரும்பும் நம் செவிலியரையும், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்க மறவாதீர்கள். பிறர் வலியைச் சுமப்பவர்களுக்கும் வலி உண்டு.

புனித கமில்லுஸ் நம் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக. ஆமென்.