கல்லும் சாட்சி, எதிரியும் சாட்சி



வேதாகமத்தை வரலாறாக நம்பலாமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைக்கிறவர்களும், ஆயித்தியமலை மாதாவிடம் நடந்து போகிறவர்களும் இந்தச் சபையில் ஒன்றாக இருக்கிறீர்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்த காலந்தொட்டு இந்தப் புத்தகம் நம் வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களில் வாசிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து இதன் தமிழாக்கத்துக்கு உழைத்தவரோ சைவப் பெருமகன் ஆறுமுக நாவலர். ஆகையால் நான் இங்கே பிரசங்கம் செய்ய வரவில்லை. காணிப் பிணக்கு வந்தால் உறுதியைப் பார்க்கிறோம், எல்லைக் கல்லைப் பார்க்கிறோம், பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கிறோம். இந்தப் புத்தகத்தையும் அப்படியே விசாரிப்போம்.

உன்னிச்சைக் குளத்தை நம்பி விதைக்கிறவர்கள் முன்னால் பேசுகிறேன். தண்ணீர் வழக்கு ஒன்றையே எடுக்கிறேன்.

கிறிஸ்துவுக்கு முன் 701ஆம் ஆண்டு. அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா நாட்டின் மேல் படையெடுத்து வருகிறான். எருசலேமில் எசேக்கியா அரசன். முற்றுகை விழுந்தால் தண்ணீருக்கு என்ன வழி? எசேக்கியா குளமும் வாய்க்காலும் உண்டாக்கி நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது.

அந்த வாய்க்கால் இன்றும் இருக்கிறது. பாறையைக் குடைந்து, வளைந்து வளைந்து, 533 மீட்டர் நீளம். உள்ளே தண்ணீரில் நடந்தே போகலாம். 1880இல் அதன் சுவரில் பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்த வேலைக்காரர்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க, நடுவிலே சந்தித்த கதையை அது சொல்கிறது. அரசன் பெயர் அதில் இல்லை. ஆனால் பூச்சுச் சாந்துக்குள் கிடந்த செடித் துணுக்கையும், பாறையில் படிந்த சுண்ணத்தையும் சோதித்தவர்கள், எசேக்கியாவின் காலத்தோடு அது பொருந்துகிறது என்று 2003இல் வெளியிட்டார்கள்.

அடுத்தது எதிரியின் சாட்சி. அசீரியத் தலைநகர் நினிவேயில் 1830இல் எடுத்த ஆறு முகக் களிமண் பட்டயம் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவில் 46 அரண் நகரங்களைப் பிடித்தேன், எசேக்கியாவை அவன் நகரத்துக்குள்ளேயே அடைத்தேன் என்று சனகெரிப் அதில் பெருமை பேசுகிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை! வேதாகமமும் அந்த நகரம் விழவில்லை என்றே சொல்கிறது. கப்பம் எவ்வளவு? பொன் 30 தாலந்து என்று இருவரும் எழுதுகிறார்கள். வெள்ளியோ வேதாகமத்தில் 300, பட்டயத்தில் 800. எல்லாம் அச்சொட்டாக ஒத்திருந்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நாமே சந்தேகப்பட்டிருப்போம்.

அந்தப் பொன் எங்கிருந்து வந்தது தெரியுமா? தேவாலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னை உரித்துத்தான் எசேக்கியா கொடுத்தான். தங்கள் நல்ல அரசன் பட்ட அவமானத்தையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். சோழர் மெய்க்கீர்த்திகளைப் புரட்டிப் பாருங்கள். தோற்ற போரைத் தேடினாலும் கிடைக்காது. வேதாகமத்திலோ தாவீது அரசனின் பாவமும் இருக்கிறது, இயேசுவின் சீடன் பேதுரு அவரை மறுதலித்ததும் இருக்கிறது. தன் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லுகிற சாட்சியை எந்த நீதிமன்றமும் இலேசில் தள்ளாது.

எல்லாம் கல்லில் கிடைத்துவிட்டதா? இல்லை. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதற்கு எகிப்தியர் எழுதிய பதிவு கிடைக்கவில்லை. எரிகோ மதில் விழுந்த காலத்தைப் பற்றி அகழ்ந்தவர்களுக்குள்ளேயே பிணக்கு இருக்கிறது. சனகெரிப்பின் படை திரும்பிப் போனது தேவதூதனால் என்கிறது வேதாகமம். அதை எந்த மண்வெட்டியும் தோண்டி எடுக்காது. அது விசுவாசத்தின் பங்கு. ஆனால் விசாரித்த இடத்தில் உண்மையாக நின்ற சாட்சியை, விசாரிக்க முடியாத இடத்தில் பொய்யன் என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை. வேதாகமம் நம்பத்தக்க சாட்சி. இதுதான் என் தீர்ப்பு.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் 18 முதல் 20 வரை மூன்று அதிகாரங்களை இந்த வாரம் வாசியுங்கள். 1962இல் நடராசா ஐயா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும் எடுத்து, இதே கேள்விகளோடு வாசியுங்கள். பிறகு உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் போய் இருங்கள். இந்தக் குளத்தடியில் விதைத்த கதை, வெள்ளம் அழித்த கதை, இடம்பெயர்ந்து போன கதை எல்லாவற்றையும் கேட்டு, ஆண்டும் இடமும் போட்டு எழுதுங்கள். நம்முடைய பிழைகளையும் விடாமல் எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் பின்னால் வருகிறவர்கள் நம்மை நம்புவார்கள்.