சைக்கிளில் ஒரு சத்தம்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில், "அமெரிக்க வாழ்க்கை பற்றிப் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். விசா, வேலை, வீட்டுக் கடன் இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் பேச இங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன். குழந்தைகள் ஓட்டுகிற, இருபது அங்குலச் சக்கரம் வைத்த சைக்கிள். ஐம்பது வயது தாண்டி, கலிபோர்னியாவில், என் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து நானே பூட்டியது.

1985-இல் நம் ஹாஸ்டல் டே ஞாபகம் இருக்கிறதா? வாடகைக்கு டி.வி.யும் டெக்கும் எடுத்து, விடிய விடியப் படம் பார்த்தோமே. நடுராத்திரியில் 'இ.டி.' போட்டார்கள். 1982-இல் வந்த ஸ்பீல்பெர்க் படம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. வேற்றுக்கிரகவாசிக்காக இல்லை, அந்தப் பையன்கள் ஓட்டிய சைக்கிளுக்காக. மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, செயின் கவர் கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது! மேட்டில் ஏறுகிறது, பள்ளத்தில் குதிக்கிறது. நான் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சைக்கிளைக் கண்டதில்லை. அது ஜப்பானில் ஒசாகா நகரத்துக் குவஹாரா கம்பெனியின் பி.எம்.எக்ஸ். என்பது முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பி.எம்.எக்ஸ். என்றால் பைசிக்கிள் மோட்டோகிராஸ். சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1963-இல் ஸ்டிங்ரே என்ற சின்னச் சக்கரச் சைக்கிளைக் கொண்டுவந்தது. தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு காலி மனைகளில் மண்ணைக் குவித்து, பெரியவர்களின் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் போல ஓட்ட ஆரம்பித்தார்கள். 1971-இல் வந்த 'ஆன் எனி சன்டே' என்ற மோட்டார் சைக்கிள் படம் அந்தப் பையன்களோடுதான் தொடங்குகிறது. சும்மா விளையாட்டுச் சாமான் அது, குதித்தால் உடையும். உடைய உடைய, ரெட்லைன், மங்கூஸ் மாதிரி கம்பெனிகள் உடையாத பாகம் செய்யக் கிளம்பின. காலி மனையில் தொடங்கிய அந்தப் பந்தயம் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது. வரலாறு போதும்.

2019 கடைசியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 1980-களின் ஃப்ரேம் ஒன்றை வாங்கினேன். ஃப்ரேமும் ஃபோர்க்கும் மட்டும். விலை 140 டாலர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நாற்பது வருடம் யார் யாரோ குதித்துத் தள்ளிய ஃப்ரேம், அதைச் செய்தவர்மேல் குற்றம் சொல்ல நியாயமில்லை. "ஒரிஜினல் பெயின்ட், இத்தனை வருஷமா சுவத்துலதான் மாட்டியிருந்தேன்" என்றார் விற்றவர். இந்தப் பழைய சைக்கிள் பிரியர்களுக்கு ஒரிஜினல் பெயின்ட் என்றால் கோவில் சிலை மாதிரி. கீறல் இருந்தாலும் சுரண்டக் கூடாது. நானும் சுரண்டவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பின்னால் வருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங், சாயங்காலம் ஷெட். ஒரு விஷயம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு முப்பது வருடம் ஸ்பானர் பிடிக்காமலே சம்பாதித்தவன் நான். முதல் நாளே இடது பெடலைத் தலைகீழாகத் திருகி மரையைக் கெடுத்தேன். இடது பெடலுக்கு இடப்புரி மரை என்பது நம் ஊர் சைக்கிள் கடையில் காற்றடிக்கிற பையனுக்குக்கூடத் தெரியும்.

அடுத்தது டயர். கணக்கு வாத்தியார் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்? ஒன்றே முக்காலும் 1.75-ம் ஒன்று. சைக்கிள் உலகத்தில் அப்படி இல்லை ஐயா! 20 x 1.75 என்று எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மி.மீ. 20 x 1¾ என்று பின்னத்தில் எழுதினால் அது ஷ்வினின் பழைய அளவு, 419 மி.மீ. பதின்மூன்று மி.மீ. வித்தியாசம். ஒரு சாயங்காலம் முழுக்க டயர் லீவரை வைத்து மல்லுக்கட்டிவிட்டு, என் கையில் பலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ரிம் பெரிசு. ஹாண்டில் பார் தண்டும் அப்படித்தான். அமெரிக்க அளவு 21.1 மி.மீ., மற்றது 22.2. கண்ணுக்குத் தெரியாது. சிறியதைப் பெரியதில் போட்டு இறுக்கினால் இறுகிய மாதிரிதான் இருக்கும், குதிக்கும்போது ஹாண்டில் மட்டும் தனியாகத் திரும்பும்.

எனக்குப் பிடித்த வேலை வீல் கட்டுவது. அராயா ரிம், சுசுயே ஹப், 36 கம்பி. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டும், மூன்றாவதை மட்டும் அடியில் நுழைந்து கடக்க வேண்டும். மூன்று முறை தப்பாகக் கோத்துப் பிரித்தேன். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் பெண்டு எடுக்கும்போது கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்பார். சின்ன வயதில் அவர் பாட்டு வாசிக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். இப்போது நானும் சுண்டினேன். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் பேசினால் இழுவிசை சமம். ஒன்று மட்டும் 'தொம்' என்றால் அது தளர்ச்சி. இதைச் சொல்லித்தரும் கருவி கடையில் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை.

14 மாதத்தில் சைக்கிள் தயாரானது. கிராங்க் முன்பல் 44, பின்பல் 16. ஒரு மிதிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் போகும். ஹாண்டிலில் பஞ்சு உறை, முன்னால் நம்பர் தகடு, எல்லாம் அந்தக் காலப்படி. என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கு ஆன செலவுக்குப் புதுசா ரெண்டு வாங்கியிருக்கலாமே" என்றாள். கணக்கு சரிதான்.

என் முட்டி ஹாண்டிலில் இடித்தது. எனவே உண்மையில் ஓட்டியது இரண்டு வீடு தள்ளியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் குழந்தை. பத்து வயது. என்னை அங்கிள் என்று ஆரம்பித்து, தலைமுடியைப் பார்த்துவிட்டுத் தாத்தா என்று மாற்றிக்கொண்டவள். தினமும் பள்ளிப் பாடம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவாள். நடைபாதை விளிம்பிலிருந்து குதிப்பாள். அவளுக்காகப் பலகை போட்டு ஒரு சின்ன மேடுகூடச் செய்து கொடுத்தேன். பத்து நாள் போயிருக்கும். "தாத்தா, சைக்கிள் க்ளிக் க்ளிக்குன்னு பேசுது" என்றாள்.

மாணவர்களே, இனி சொல்வது உங்களுக்கு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, நாம் எழுதிய எந்தப் பரீட்சையைவிடவும் கஷ்டம். பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டேன். போகவில்லை. கிராங்க்கைப் பிரித்துப் பால்ரஸ் முழுக்க மாற்றினேன். போகவில்லை. எழுந்து நின்று மிதித்தால் வருகிறது, உட்கார்ந்து மிதித்தால் வரவில்லை, ஆகவே சீட் இல்லை. ஹாண்டில் தண்டைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு நாள் நன்றாக இருந்தது, மறுநாள் திரும்ப வந்தது. எண்ணெய் விட்டு அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, ஹாண்டிலைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்தினேன். மிதிக்காமலே க்ளிக். அப்படியானால் கிராங்க்கும் இல்லை, பெடலும் இல்லை. மனைவியை அழுத்தச் சொல்லிவிட்டு, டவுன் ட்யூப் ஹெட் ட்யூபோடு சேரும் இடத்தின் அடியில் விரலை வைத்தேன். விரலில் தட்டியது.

அந்த இடத்தில் பெயின்ட் நிறம் கொஞ்சம் அடர்த்தி என்பதை முதல் நாளே பார்த்திருந்தேன். ஸ்டிக்கர் நிழல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது சுரண்டினேன். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி! சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல யாரோ பார்த்திருக்கிறார்கள். அதையும் எடுத்துவிட்டு டை பெனிட்ரன்ட் அடித்தேன். சிவப்புச் சாயம், பத்து நிமிடம், துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி. வெல்டிங் ஓரத்தில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு ஒன்று ஊறி எழுந்தது. குழாயின் சுற்றளவில் கால்வாசிக்கு மேல்.

சைக்கிள் குதித்து இறங்கும்போது தரை முன்சக்கரத்தை மேலே தள்ளுகிறது. சாய்ந்து நிற்கும் ஃபோர்க் முன்பக்கமாக வளையப் பார்க்கிறது. அது டவுன் ட்யூபின் அடிவயிற்றை இழுக்கிறது. வெல்டிங் ஓரம்தான் அங்கே பலவீனமான இடம். 4130 குரோம் மாலிப்டினம் இரும்பின் சிறப்பு அதன் வலிமை. அதனால்தான் குழாயை மெலிசாகச் செய்து எடையைக் குறைக்க முடிகிறது. ஆனால் மெலிசான குழாயில் விரிசல் விழுந்தால் அது ஓட வேண்டிய தூரமும் குறைவு. ஃபடீக் பாடத்தை எங்கள் பேராசிரியர் மூன்று வகுப்பு நடத்தினார். மூன்றிலும் நான் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பலகை மேடு நான் செய்து கொடுத்தது.

மறுநாள் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் உள்ளபடி சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு நடுவில் ஒரு விஷயம். சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சேகரிப்பாளர் 900 டாலருக்குக் கேட்டிருந்தார். விரிசல் கண்டுபிடிப்பதற்கு முந்தைய வாரம். நான் பதில் எழுதியிருக்கவில்லை. இப்போது என்ன செய்வது? மகன் போனில், "அப்பா, அவர் சுவத்துலதானே மாட்டப் போறார், ஓட்டவா போறார்?" என்றான். இரண்டு நாள் நான் பதில் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிறத்தில் பெயின்ட் என்ன விலை என்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய நண்பர்கள் முன்னால் பொய் எதற்கு?

மூன்றாம் நாள் கூப்பிட்டு விரிசலைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "பரவாயில்லை, 100 டாலருக்குக் கொடுங்கள், சுவரில் மாட்டிக்கொள்கிறேன்" என்றார். அதற்கும் முடியாது என்றேன். எனக்கு விற்றவரும் சுவரில் மாட்டியதாகத்தானே சொன்னார். சுவரில் இருப்பதை ஒருநாள் யாராவது இறக்குவார்கள். இறக்கியவருக்குப் பத்து வயதில் ஒரு பேரக்குழந்தை இருக்கும். போனை வைத்துவிட்டு ஹாக்சா பிளேடால் ஹெட் ட்யூபை அறுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. 4130 லேசில் அறுபடாது.

பிறகு பழைய பாணியிலேயே செய்த புது ஃப்ரேம் ஒன்றை வாங்கினேன். வீல்கள், பிரேக், ஹாண்டில் எல்லாம் அப்படியே ஏறின. கிராங்க் மட்டும் ஏறவில்லை. பழையதில் மரையில்லாத பெரிய ஓட்டை, 51.3 மி.மீ. புதியதில் பி.எஸ்.ஏ. மரை. ஆமாம், நம் ஊரில் ஓட்டினோமே, அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கிக் கம்பெனி ஒன்றின் மரை அளவை இன்னும் உலகம் முழுக்கச் சைக்கிள்களில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதுக் கிராங்க் வாங்கிப் பூட்டினேன். சேகரிப்பாளர்கள் இதை மதிக்க மாட்டார்கள். கலப்படம். வாரத்துக்கு ஒருமுறை வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து பெரிய சைக்கிளுக்குப் போய்விட்டாள். அவள் தம்பி ஓட்டுகிறான்.

அறுத்த துண்டை இந்தப் பயணத்தில் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். சென்னை விமான நிலையத்தில் எடுத்துப் பார்த்த அதிகாரி, "அமெரிக்காவிலேர்ந்து எல்லாரும் சாக்லேட் கொண்டுவருவாங்க, நீங்க என்ன சார் பழைய இரும்பு?" என்றார். இன்று காலை அதை நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேப்பில் கொடுத்துவிட்டேன். சாயத்தைக் கழுவவில்லை, சிவப்புக் கோடு இன்னும் தெரிகிறது. மாணவர்கள் பார்க்கலாம். ஜன்னல் பக்கம், இரண்டாவது மேஜை.