ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் பட்டினி

(நமது சங்கத்தின் மும்பை அங்கத்தினர்கள் கூடிய ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது பேசுங்கோ, அமெரிக்கா மட்டும் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் பேசறா" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். ஆகவே நான் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுகிறேன். 2018 அக்டோபரில், எத்தியோப்பியாவின் தலைநகரமான அடிஸ் அபாபாவில், ஒரு பெரிய ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஒரு வாரம் தங்கினேன். கணக்குத் தணிக்கை வேலை. ஹோட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

கிளம்பியதே தகராறோடுதான். நவராத்திரி சமயம். "கொலுவுக்கு நாலு பேர் வர நேரத்துல எங்கேயோ ஆப்பிரிக்கா போறேளே" என்று என் ஆத்துக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள். ஆனாலும் பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், இரண்டு கிலோ அரிசி, சின்ன எலக்ட்ரிக் குக்கர் எல்லாம் அடுக்கித் தந்தாள். "அங்கே நம்ம சாப்பாடு ஒண்ணும் கிடைக்காது" என்பதில் எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

அடிஸ் அபாபா என்றால் "புது மலர்" என்று அர்த்தம். 1886ல் இரண்டாம் மெனெலிக் மன்னரும் தாய்து ராணியும் உண்டாக்கிய ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரம், அதாவது நம் ஊட்டியைவிடச் சற்று அதிகம். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்துக் கொண்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாகப் போனவன், ராத்திரி ஸ்வெட்டருக்கு அலைந்தேன். ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் சேர்ந்த யூனியனின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதனால் வருஷம் முழுவதும் மந்திரிகளும் தூதர்களும் வந்த வண்ணம் இருக்கிறார்கள். பெரிய ஹோட்டல்கள் முளைத்ததற்கு அது ஒரு முக்கிய காரணம்.

நான் தங்கிய ஹோட்டலும் அப்படிப்பட்டதுதான். வாசலிலேயே காருக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே போனால் விமான நிலையம் மாதிரி பெட்டியை மெஷினில் விட வேண்டும். அதற்கப்புறம் பளிங்குத் தரை, நீரூற்று, பியானோ. அறையில் பொத்தானை அழுத்தினால் திரைச்சீலை தானே விலகுகிறது. முதல் நாள் நாலு தடவை அதை அழுத்திப் பார்த்தேன், ஒளிப்பானேன்! விலகினால் தெரிவது என்ன? ஹோட்டல் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துருப்பிடித்த தகரக் கூரை வீடுகள், கிரேன்கள், பாதி கட்டிய கட்டடங்கள். என் அறையின் இரண்டு ராத்திரி வாடகை, எனக்குக் காபி கொண்டு வந்து கொடுத்த பையனின் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்று பிறகு தெரிந்தது.

இப்போது பட்டினிக் கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தேன். ஞாயிறு காலை குக்கரை எடுத்தால் நம் மூன்று பின் பிளக் அங்குள்ள சுவரில் நுழையவில்லை. அடாப்டர் வரவழைத்து அரிசி வைத்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்து விடுகிறது. பிரஷர் இல்லாத குக்கர். சாதம் நடுவில் அரிசியாகவே நின்று விட்டது. சரி என்று கீழே போய் 'வெஜிடபிள் சூப்' கேட்டேன். இரண்டு ஸ்பூன் உள்ளே போன பிறகு சந்தேகம் வந்து விசாரித்தால், கறிகாய்கள் மிதப்பது வாஸ்தவம், ஆனால் கோழி வேக வைத்த தண்ணீரில் மிதக்கின்றன! அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் அகராதியில் அது வெஜிடபிள் சூப்தான். அன்றிலிருந்து செவ்வாய் ராத்திரி வரை ரொட்டி, வாழைப்பழம், பப்பாளி. ஐம்பது பதார்த்தம் பரப்பியிருக்கும் மேஜையைச் சுற்றி வந்து வாழைப்பழம் எடுத்துக் கொண்டு போகும் ஆசாமியை ஹோட்டலே வேடிக்கை பார்த்தது.

புதன்கிழமை மத்தியானம், அந்தக் காபி கொடுக்கும் பையன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "சார், நீங்கள் மாமிசம், முட்டை சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. இன்று எங்களுக்கு விரத நாள். அடுத்த தளத்தில் எங்கள் ஊர் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. 'யெத்ஸோம்' என்று கேளுங்கள், அது போதும்" என்றான்.

போனேன். பெரிய வட்டத் தட்டு முழுக்க இஞ்சேரா விரித்து, அதன் மேல் குவியல் குவியலாகப் பதார்த்தங்கள் வந்தன. இஞ்சேரா என்பது தெஃப் என்ற தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, ஆப்பம் போல ஒரு பக்கம் மட்டும் வேக விட்டு எடுப்பது. தெஃப் கசகசா அளவுதான் இருக்கும். மேலே மசூர் பருப்புக் கூட்டு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கடலை மாவில் செய்த ஷிரோ. கையால்தான் சாப்பிட வேண்டும். புளித்த தோசையும் பருப்பும் கீரையும், சொல்லுங்கள், நமக்கு வேறென்ன வேண்டும்? அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டை ஆத்துக்காரியிடம் கூட முழுதாகச் சொல்லவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. எத்தியோப்பியா நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ சமயத்தை ஏற்ற நாடு. அவர்களுடைய ஆர்தடாக்ஸ் சபையில் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர்ச்சியாக விரதம். இன்னும் பல உண்டு. எல்லாம் கூட்டினால் சாமானியர்களுக்கே வருஷத்தில் சுமார் 180 நாள். குருமார்களுக்கு 250 வரை போகும். அந்த நாட்களில் மாமிசம், முட்டை மட்டுமல்ல, பால், நெய், வெண்ணெய் கூடக் கிடையாது. தயிர் சாதம் இல்லாமல் ஒரு வேளை கழியாத நம்மைவிடக் கடுமை! நாட்டில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம்கள், அவர்களுக்கு வேறு நியமம். ஆனால் தலைநகரில் புதன், வெள்ளி என்றால் சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் கூட இந்தத் தட்டு தயாராக இருக்கும்.

மறுநாள் வியாழன், சரஸ்வதி பூஜை. லாபியில் காபி போடும் பெண்மணி, "ஒன்பது மணிக்கு வாருங்கள், எங்கள் முறைப்படி காபி தருகிறேன்" என்றார். ராத்திரி ஒன்பதுக்குப் போனால் ஒருவரும் இல்லை. பிறகுதான் விளங்கிற்று. அவர்கள் சூரியோதயத்திலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, நம் மத்தியானம் மூன்று அவர்களுக்கு ஒன்பது. நாம் உதயாதி நாழிகை எண்ணியதும் இதே கணக்குதானே! அந்த ஊர் ஏறக்குறைய நம் தென்காசியின் அட்சரேகை. வருஷம் முழுவதும் ஆறு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும். அதனால் அவர்கள் அதை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காபியும் கிடைத்தது. தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையை நம் எதிரிலேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். மூன்று சுற்று. மூன்றாவதற்கு 'பரகா', ஆசீர்வாதம் என்று பெயர். அதற்கு முன் எழுந்து போவது மரியாதை இல்லையாம். பால் கிடையாது. ஆனால் அந்த வறுக்கும் வாசனை, என் பாட்டி அகத்து முற்றத்தில் கொண்டு போய் நிறுத்தி விட்டது.

அதே வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், நான் இந்தச் சபையில் சொல்லலாமா என்று யோசித்த விஷயமும் நடந்தது. வேலை முடிந்ததால் அந்த ஊர் அலுவலர்கள் ஐந்து பேர் ஹோட்டலுக்கு வந்து எனக்கு விருந்து கொடுத்தார்கள். விரதச் சாப்பாடு, ஆனால் ஒரே தட்டு. எல்லோர் கையும் அதில்தான். எனக்குத் தனித் தட்டு கேட்கலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும்போதே, கணக்குப் பிரிவின் தலைவி, என் தங்கை வயது இருக்கும், இஞ்சேராவில் பருப்பைச் சுருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். இதற்கு 'குர்ஷா' என்று பெயர். விருந்தாளியை மதித்து ஊட்டுவது. மறுத்தால் அவர்களுக்கு மனசு நோகும். எச்சில், பத்து என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நிமிஷம் கை கால் ஓடவில்லை. அப்புறம் வாயைத் திறந்தேன். சரியா தப்பா என்று தீர்ப்புக் கேட்க இங்கே வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை கிளம்பும்போது அந்தப் பையனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டான். "என் அப்பாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் ஒரு இந்திய வாத்தியார். இன்றைக்கும் அப்பா வாய்ப்பாடு சொன்னால் இந்திய உச்சரிப்பில்தான் வரும். அதனால்தான் நீங்கள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துக் கொண்டு இருக்க முடியவில்லை" என்றான்.

இதைக் கேட்டு எனக்குப் பேச்சு எழவில்லை. காரணம் இதுதான். பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு நம் நாட்டிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் போனார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். 1966 முதல் ஜிம்மா என்ற ஊரில் கணக்கு வாத்தியார். 1974ல் அங்கே புரட்சி வந்து பேரரசரை இறக்கிய பிறகு திரும்பினார். எனக்குப் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை அப்பா என்பது மாதம் ஒரு ஏரோகிராம், ஒரு மணியார்டர். அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன், தங்கை கல்யாணம் நடந்தது. ஆனால் அவர் திரும்பி வந்தபோது, பாட்டி புண்யாஹவாசனம் செய்து முடித்துத்தான் சமையலறைப் பக்கம் விட்டாள். அதன் பிறகு அப்பா அந்த ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எனக்கு உள்ளூரக் கோபம் வேறு, எட்டு வருஷம் எங்களை விட்டுப் போனாரே என்று. 1991ல் காலமாகி விட்டார்.

ஊர் திரும்பியதும் பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அம்மா எல்லாக் கடிதத்தையும் கட்டி வைத்திருந்தாள். 1967ல் எழுதிய ஒன்றில் இருக்கிறது: புதன், வெள்ளி இந்த ஊரே நம் சாப்பாடு சாப்பிடுகிறது, என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று. அம்மா அதை எங்களுக்கு உரக்க வாசித்திருக்க வேண்டும். நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஐம்பத்தோரு வருஷம் கழித்து நான் வாழைப்பழம் தின்று கொண்டு திரிந்திருக்க வேண்டாம்.

குர்ஷா விஷயத்தையும் ஆத்துக்காரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவும் சாப்பிட்டிருப்பாரோ?" என்று கேட்டாள். எல்லாக் கடிதங்களையும் தேடினோம். அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பக்கம் போகும் அங்கத்தினர்களுக்குச் சில குறிப்புகள். 'யெத்ஸோம்' என்ற சொல்லை மறக்காதீர்கள். சில இடங்களில் மீனையும் விரதத்தில் சேர்க்கிறார்கள், அதனால் "அசா வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஷிரோவில் 'போசெனா' என்ற வகையில் மாமிசம் உண்டு, விசாரித்துக் கொள்ளுங்கள். 'வெஜிடபிள் சூப்'பை நம்பாதீர்கள். மணி சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். ஸ்வெட்டர் அவசியம். குக்கரை அகத்திலேயே வைத்து விடுங்கள்.

இன்னும் ஒன்று. பின் வரிசைக் குழந்தைகளுக்கு இது. உங்கள் தாத்தாக்கள் நாக்பூர், ஜாம்ஷெட்பூர், ரங்கூன், நைரோபி என்று எங்கெங்கோ இருந்து விட்டு வந்திருப்பார்கள். அங்கே என்ன சாப்பிட்டார்கள், யார் போட்டார்கள் என்று இன்று ராத்திரியே கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால் சொல்கிறேன்.

 சாப்பாடு தயாராகி விட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். இதற்கு மேல் பேசினால் தப்பு. நமஸ்காரம்.